நடந்ததற்கு ஈடாக ஓர் ஆப்பம்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் போன மாதம் புதிதாக ஓர் உடற்பயிற்சி அறை திறந்தார்கள். பழைய நர்சு என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அறை நடுவில் ஒரு சைக்கிள் நின்றது. மிதித்தால் சக்கரம் சுற்றும், ஆனால் ஓரடி நகராது. கைப்பிடிக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டி. மிதித்தவர் உடம்பில் எத்தனை கலோரி எரிந்தது என்று அது எண்ணில் காட்டுகிறது. கலைச்செல்வி என்ற இளம் நர்சு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தாள். இறங்கும்போது முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் பல்.

"அம்மா, இவ்வளவு எரிச்சிட்டேன். இதுக்கு ஈடா ஒரு போண்டா சாப்பிட்டா கணக்கு நேராயிடும் இல்ல?"

"நேராயிடும்னா அப்புறம் எதுக்குடி மிதிச்சே? நீ எடை குறைக்கத்தானே ஏறினே?" என்றாள் அவள் தோழி. "சாப்பிடாம மிதிச்சா மயக்கம் போட்டு விழுவா, நீயா வந்து தூக்குவே?" என்றாள் இன்னொருத்தி. பிறகு எல்லாரும் தீர்ப்புக்காக என்னைப் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வழக்கை நான் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே திருவொற்றியூரில் நடத்தி முடித்தவள். அதில் ஒரு மனிதரின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீகம் நாசரேத்துப் பக்கம். நான் வளர்ந்தது தண்டையார்பேட்டை டோல்கேட்டில். அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. ராயபுரத்தில் நர்சுப் படிப்பு. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: படுக்கை விரித்தேன், பாத்திரம் கழுவினேன், தலைமை நர்சிடம் திட்டு வாங்கினேன், தேறினேன். ஆஸ்பத்திரி வேலைக்குக் காத்திருந்த சமயத்தில் திருவொற்றியூரில் ஓர் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் மருந்தகத்துக்கு நர்சு வேண்டும் என்றார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு உலைக்களத்தில் என்ன வேலை என்று உறவெல்லாம் கேட்டது. நான் மறுநாளே போய்ச் சேர்ந்தேன். வேண்டாம் என்று நாலு பேர் சொன்னால் எனக்குக் கால் தானாக முன்னே போகும்.

அங்கே என் மேலதிகாரி டாக்டர் பின்டோ. மங்களூர்க்காரர். கரகரவென்று சத்தமிடும் சைக்கிளில் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். வந்ததும் கையைக் கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். நோயாளியைவிடத் தாழ்ந்த ஸ்டூலில் உட்காருவார். நோயாளி பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னபின், "இப்போது நான் கூறியதைத் தாங்கள் எனக்குக் கூறுங்கள்" என்பார். நோயாளி அதைத் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னால்தான் மருந்து. தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். அதனால் பேச்சும் புத்தகம் போலவே இருக்கும். "காலையில் தாங்கள் என்ன உண்டீர்கள்?" என்று அவர் கேட்டால், "இன்னா சாமி, கதாகாலட்சேபம் பண்ற?" என்று தொழிலாளிகள் தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதைப் பார்த்தால் நான் மருந்து அலமாரிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

மருந்தகத்தில் எடை பார்க்கும் கருவி கிடையாது. பண்டகசாலையில் இரும்பு நிறுக்கும் எடைமேடைதான். வெள்ளிக்கிழமை காலை, வேலை தொடங்குமுன் அங்கே ஆட்களை நிறுப்பேன். முதலில் எடை தெரிந்த இரும்புக் கட்டி ஒன்றை ஏற்றி, மேடை சரியாகச் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். பிறகு ஆள் அரைக்கால் சட்டையோடு, வெறுங்காலில், பீடிக்கட்டு, சீப்பு, சாவி எல்லாவற்றையும் வைத்துவிட்டு ஏற வேண்டும். எதிர்ச்சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். கீழே பார்த்தால் உடம்பு ஆடும், முள்ளும் ஆடும். இதெல்லாம் ஆஸ்பத்திரியில் கற்றதல்ல. "ஏட்டி, முள்ளு நிக்கிறதுக்கு முன்னால எடைய சொல்லாத, அது பாவம்" என்று அப்பா கடையில் சொல்லிச் சொல்லி வளர்த்தது. "நம்பள பழைய இரும்பு கணக்கா நிறுக்குது பாரு இந்தப் பொண்ணு" என்று வரிசையில் கேலி பறக்கும். பறக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அது ரேஷன் காலம் என்பதை இளையவர்கள் நினைவில் வைக்க வேண்டும். உடம்பை முறித்து உழைப்பவர்களுக்கு அரிசி கொஞ்சம் கூடுதலாக உண்டு. உழைத்தவன் உழைத்ததைத் திருப்பித் தின்ன வேண்டும் என்பது சர்க்காரே ஒத்துக்கொண்ட நியாயம். நான் சேர்ந்த புதிதில் ஓர் உலைக்காரர் அடுப்புக்கு எதிரிலேயே சுருண்டு விழுந்தார். தன் பங்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கரி தள்ளியிருக்கிறார். டாக்டர் அன்றைக்கே மானேஜரிடம் போய் நின்று, காலை பத்து மணிக்கு உலைக்களத்துக்குக் கேழ்வரகுக் கூழ் வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து விழுவது நின்றது. உழைப்புக்கு ஈடு சோறு என்பது எனக்கும் அப்போது வேதவாக்காக இருந்தது.

அந்தக் கூழுக்குத் தவறாமல் வருகிறவர் மாசிலாமணி. அவருக்கு உலையில் வேலை இல்லை. அவர் கிரேன் டிரைவர். கூடத்தின் கூரைக்குக் கீழே, இரண்டு பக்கத் தண்டவாளத்தின்மேல் ஓடுகிற கிரேன் அது. உருகிய இரும்புக் குழம்பை ஒரு பெரிய வாளியில் ஏந்தி, ஆட்களின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் அச்சுகளில் ஊற்ற வேண்டும். கை ஒரு கணம் பிசகினால் கீழே நிற்பவர் கதி அதோகதி. மாசிலாமணி ஓட்டினால் குழம்பு அலைகூட அடிக்காது என்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே வந்தார். ஒருநாள் செங்குத்தான இரும்பு ஏணியில் பாதி ஏறியபோது தலை சுற்றிவிட்டது. கம்பியைக் கட்டிக்கொண்டு அப்படியே தொங்கினார். இரண்டு பேர் ஏறி, இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள்.

என்னிடம் கொண்டுவந்தபோதும் வாய் குறையவில்லை.

"எனுக்கு ஒண்ணும் இல்ல நர்சம்மா. லேசா கிர்ருனு வந்துச்சி. அவ்ளோதான்."

"ஏணி பாதியில வந்துச்சே?"

"வர்றது எங்க வேணா வரும். கேட்டுகினா வருது?"

டாக்டர் சோதித்தார். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, முழங்கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. மானேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் உறுதியாகச் சொல்லிவிட்டார்: பொங்கலுக்குள் மாசிலாமணி எடையைக் குறைத்து, டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். இல்லையென்றால் கேட்டில் காவல் வேலை. கிரேன் வேறு ஆளுக்கு. அதுவரை, குழம்பு ஊற்ற அவர் கைதான் வேண்டும் என்பதால், வார்ப்பு நாள்களில் மட்டும், நர்சு நான் பார்த்து அனுப்பினால் ஏறலாம்.

அதைக் கேட்டபின்தான் மனிதரின் முகம் விழுந்தது.

"எங்க நைனா ஹார்பர்ல மூட்ட தூக்கித் தூக்கி கய்த்தே உள்ள போய்ட்ச்சி. நானும் பத்து வருசம் தலைல சொமந்தவன்தான். நான் பொறந்த வ்யாசர்பாடி லைன்ல மொத மொத மெஷின் சீட்ல குந்தனவன் நானு. இப்ப அல்லார் தலைக்கும் மேல ஓட்டறேன். அத்த வுட்டுட்டு கேட்டாண்ட தொப்பி மாட்டிகினு சலாம் அட்ச்சிகினு நிக்கணுமா? நீயே சொல்லு."

"நிக்க வேண்டாம். நான் விடமாட்டேன்" என்றேன். யாரைக் கேட்டு அந்த வாக்கைக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. ஆனால் கொடுத்துவிட்டேன்.

இறங்க வேண்டிய எடையை டாக்டர் குறித்துக் கொடுத்தார். அவர் திட்டம் எளிமையானது. சோறு பாதி. பத்து மணிக் கூழ் கிடையாது. டோல்கேட் பக்கத்தில் குடியிருந்தவர் என்பதால் பஸ்ஸை விட்டுவிட்டு ஆலைக்கு நடந்தே வர வேண்டும், நடந்தே திரும்ப வேண்டும். மாசிலாமணி அதை அட்சரம் பிசகாமல் டாக்டருக்குத் திருப்பிச் சொன்னார். மறுநாளே நடக்கவும் ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின. முள் அசையவில்லை. ஒரு வாரம் ஒரு ராத்தல் கூடவே செய்தது. நான் இரும்புக் கட்டியை மறுபடி ஏற்றிப் பார்த்தேன். மேடையில் தப்பில்லை. திருட்டுத் தீனி என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவரோ வடிவுடையம்மன் கோயில் திசையில் கையை நீட்டிச் சத்தியம் செய்தார். "மெய்யாலுமே சொல்றேன், சோறு பாதிதான் துன்றேன். ஏமாத்துனா அந்தத் தாயி கண்ண புடுங்கட்டும்." அவர் சம்சாரம் தனத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நானே கைப்புடி அளந்துதான் போடறேன் நர்சம்மா" என்று அவளும் கண் கலங்கினாள். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஜாதி இல்லை. பிறகு எடை எங்கிருந்துதான் வருகிறது?

நானும் அவரோடு நடந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். அப்பா அரண்டு போனார்.

"ஏட்டி, ஒரு ஆம்பளையோட ரோட்டுல நடந்து போனா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு வந்து அவர் எடையக் குறைக்கட்டும், நான் வீட்டுல இருக்கேன்" என்றேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டு குடையை எடுத்துக் கொடுத்தார்.

விடிந்தும் விடியாத வேளையில் டோல்கேட்டில் சேர்ந்துகொண்டோம். அவர் நடை சோம்பேறி நடை இல்லை. நான் ஓட்டமும் நடையுமாகத்தான் தொடர்ந்தேன். மீன்கூடைக்காரிகளும் உப்பு வண்டிகளும் எதிரே வந்துகொண்டிருந்தன. வலப்பக்கம் குடிசை இடுக்குகளில் கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. தேரடியை நெருங்கும்போது மனிதரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இவ்வளவு நடந்தும் குறையவில்லையா என்று எனக்கே பரிதாபமாகப் போயிற்று.

தேரடியில் ஒரு பூவரச மரம். அதன் கீழே பவுனம்மா என்ற அம்மாள் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். மாசிலாமணி எந்தக் கூச்சமும் இல்லாமல் போய்க் குந்தினார். பவுனம்மா என்ன வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. தையல் இலையில் மூன்று ஆப்பத்தை அடுக்கி, மேலே தேங்காய்ப்பாலை ஊற்றி நீட்டினாள்.

"கூட யாரு, சொந்தமா?" என்றாள்.

"நம்ப கம்பெனி நர்சம்மா."

"அப்ப அதுக்கும் ஒண்ணு வெக்கட்டா?"

"எனக்கு வேண்டாம்!" என்று நான் கத்திய கத்தலில் மரத்துக் காக்கை பறந்துவிட்டது. "இது என்ன மாசிலாமணி? இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் நிஜமாகவே விழித்தார். "இதுல சொல்றதுக்கு இன்னா கீது? இது நடந்ததுக்கு."

"நடந்ததுக்கா?"

"டோல்கேட்லேர்ந்து நடந்து வர்றேன் இல்ல? நடக்காதவன் துன்னா அது தீனி. நடந்தவன் துன்னா அது ஈடு. நீ எய்தறது சோத்து கணக்கு. இது நட கணக்கு. அதுல எப்டி வரும்?"

அன்று சாயங்காலம் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். தனம் தட்டில் பாதிச் சோறு போட்டாள். நியாயமான பாதி. அதற்குப் பின் தனியாக ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி சோறும் மீன் குழம்பும் வந்தது. "இது?" என்றேன். "இது நடந்து வந்ததுக்கும்மா. நடந்து வந்த மனுசனுக்கு ஒண்ணும் குடுக்காம எப்டி வுடறது?" என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் கூடிப் பேசி வைத்துச் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் அது அவ்வளவு இயல்பாக இருந்தது.

டாக்டரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.  "அவர் பொய் சொல்லவில்லை. மூட்டை சுமந்த காலத்தில் அந்த நியாயம் சரியானது. அவர் தலையிலிருந்து சுமை இறங்கிவிட்டது. நியாயம் இன்னும் இறங்கவில்லை" என்றார். மாசிலாமணியை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினார். நடக்கும்போது உடம்பு கொஞ்சம் எரிக்கிறது, உண்மை. ஆனால் நாம் நினைக்கிற அளவு எரிப்பதில்லை. ஒரு மணி நேரம் வியர்க்க நடந்து சேர்த்ததை மூன்று ஆப்பமும் தேங்காய்ப்பாலும் உட்கார்ந்த இடத்தில் அழித்துவிடும். அந்த எரிந்த பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டால்தான் உடம்பு தன் கொழுப்பை எடுத்து அதை நிரப்பும். நாம் ஆப்பத்தை எடுத்து நிரப்பினால் கொழுப்புக்கு என்ன வேலை?

மாசிலாமணி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்ப நடந்ததுக்கு கூலியே இல்லியா சாமி?" என்றார். 

"கூலி உண்டு. கிரேனில் உங்கள் நாற்காலி" என்றார் டாக்டர்.

"சரி. வுட்டேன்" என்று எழுந்துவிட்டார்.

விட்டவர் ஒரேயடியாக விட்டார். மனிதரின் பிடிவாதம் அப்போதுதான் தெரிந்தது. ஆப்பமும் இல்லை, கிண்ணமும் இல்லை என்றால் அதோடு நின்றிருக்க வேண்டும். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். ரோடு சுலபமாக இருக்கிறதென்று கடற்கரை மணலில் நடந்தார். மதியச் சோற்றிலும் பாதியைக் கூட இருந்தவர்களுக்குக் கொடுத்தார். வெள்ளிக்கு வெள்ளி முள் இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மானேஜரே வந்து பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "இது வேகம் அதிகம். எரித்த அனைத்தையும் திருப்பி உண்பது ஒரு பிழை. எதையுமே திருப்பித் தராமல் உடலை வற்ற விடுவது இன்னொரு பிழை" என்றார். மாசிலாமணியிடமும் சொன்னார், அவரும் அதை அழகாகத் திருப்பிச் சொன்னார். ஆனால் செய்யவில்லை. அதனால் டாக்டர் எனக்கு ஒரு வேலை வைத்தார். வார்ப்பு நாளில் மாசிலாமணி ஏணியில் கால் வைக்குமுன், ஓர் எனாமல் குவளை நிறைய, விளிம்பு தொடத் தண்ணீர் ஊற்றி, நீட்டிய வலது கையில் பிடிக்கச் சொல்ல வேண்டும். நான் மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்லி முடிக்கும்வரை தண்ணீர் சிந்தக் கூடாது. சிந்தினால் ஏறக்கூடாது.

"இன்னா நர்சம்மா, சர்க்கஸ் காட்றியா?" என்பார். ஆனாலும் பிடிப்பார். சிந்தாது.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு வார்ப்பு நாள். வெளியே பனி, கூடத்துக்குள் உலைச் சூட்டில் நல்ல புழுக்கம். உலையில் இரும்பு உருகித் தயாராகிவிட்டது. கீழே அச்சுகளைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மாசிலாமணி வந்தார், முகம் சாம்பல் பூத்திருந்தது. குவளையைக் கொடுத்தேன். வாங்கிய உடனேயே தண்ணீர் விளிம்பில் ஏறி அவர் மணிக்கட்டில் வழிந்தது.

"வேத்து ஊத்துது, கை வயுக்குது. இன்னொருவாட்டி குடு" என்றார்.

மறுபடி ஊற்றினேன். மறுபடி சிந்தியது. அவர் குவளையை என்னிடம் திணித்துவிட்டு ஏணியை நோக்கிப் போனார். நான் ஓடிப்போய் ஏணியின் முன் நின்றுகொண்டேன். இரண்டு கம்பியையும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

"நவுரு நர்சம்மா."

"நகரமாட்டேன்."

மேஸ்திரி உலையடியிலிருந்தே கத்தினார். "யம்மா, கொயம்பு காத்துகினுகீது! ஆறிப் பூட்டா அத்தினியும் கட்டியாப் பூடும், கம்பெனிக்கு யாரு பதில் சொல்றது?"

"உலை வாயைக் களிமண்ணு வச்சு அடைங்க. அடைச்சு நிறுத்த முடியும்னு எனக்குத் தெரியும். டாக்டர் எனக்கு உத்தரவு கொடுத்திருக்கார். கேக்கணும்னா அவரைக் கேளுங்க."

உலைக்களம் முழுதும் திரும்பிப் பார்த்தது. நான் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.  மேஸ்திரி ஏதோ திட்டிக்கொண்டே களிமண் உருண்டையை வைத்து உலை வாயை அடைக்கச் சொன்னார். நான் நின்ற இடத்துக்கே கூழ்ப் பானையைக் கொண்டுவரச் செய்து, ஒரு குவளை மொண்டு, உப்புப் போட்டுக் கலக்கி, ஒரு துண்டு வெல்லத்தோடு மாசிலாமணியிடம் நீட்டினேன்.

"வாணாம்."

"குடிங்க."

"வாணாம்னா வுடு நர்சம்மா! ஒவ்வொரு ராத்தலும் எப்டி எறக்கிகீறேன் தெரியுமா உனுக்கு? ராத்திரி பசில தூக்கம் வராம சொவத்த பாத்துகினு குந்தினுகீறேன். இத்த குட்ச்சா அல்லாம் திரும்பி வந்து ஒட்டிக்கும். அப்பறம் கேட்டாண்ட தொப்பிதான்." அவர் குரல் உடைந்தது. அவ்வளவு பெரிய உடம்பு சின்னப் பிள்ளை போல அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் ஏணியை விட்டு நகரவில்லை.

"மாசிலாமணி, இங்க பாருங்க. நீங்க ஆப்பம் தின்னப்போ உங்களுக்குப் பசி இல்ல. கணக்கு இருந்துச்சு. இப்போ கணக்கு இல்ல. பசி இருக்கு. உங்க கை சொல்லுது. அந்த வாளியில தொங்கப்போறது உங்க எடை இல்ல. கீழ நிக்கிறவங்க உயிரு. அவங்களுக்காகக் குடிங்க. குறையாம போனா என்னைக் கேளுங்க."

அவர் கீழே நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவரோடு மூட்டை சுமந்தவர்கள் அதில் சிலர்.  களிமண் அடைத்த உலை உறுமிக்கொண்டிருந்தது. குவளையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு ஏணியடியில் உட்கார்ந்தார். மேஸ்திரி மீசையைக் கடித்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார். மாசிலாமணியின் முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது. நான் மறுபடி குவளையில் தண்ணீர் ஊற்றினேன், விளிம்பு தொட. நீட்டிய கையில் பிடித்தார். நான் ஜெபத்தை இரண்டு தரம் சொன்னேன். தண்ணீர் கண்ணாடி போல நின்றது.

ஏணியை விட்டு நகர்ந்தேன். அவர் ஏறினார். அன்றைய வார்ப்பில் ஓர் அச்சுகூட வீணாகவில்லை. நான் மருந்தகத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கூழிலேயே ஒரு குவளை குடித்தேன்.

அடுத்த முறை வந்தபோது டாக்டர் முழுக்கதையையும் கேட்டார். பிறகு மாசிலாமணிக்கு ஒரு விதி வகுத்தார். சாதாரண நாளில் நடந்ததற்கென்று தனியாக ஒன்றும் உண்ண வேண்டாம். ஆனால் காலையில் பாதி வயிற்றுக்காவது உண்ணாமல் நடக்கக் கூடாது. உலைச் சூட்டில் வியர்த்துக் கொட்டுகிற வார்ப்பு நாளில், இழந்ததில் ஏறக்குறையப் பாதியை உப்புப் போட்ட கூழாகத் திருப்பித் தர வேண்டும், மீதியைத் தரக் கூடாது. "பசி கேட்டால் கொடுங்கள். கணக்கு கேட்டால் கொடுக்காதீர்கள். நர்சு கூறியதுதான், நான் இரவல் வாங்கிக்கொள்கிறேன்" என்றார். அவரிடம் நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான். இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. முள் அதன்பின் மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் நிற்காமல் இறங்கியது. மாசிலாமணிக்கு ராத்தூக்கம் திரும்பியது. வாய்த்துடுக்கும் திரும்பியது.

பொங்கல் வந்தது. டாக்டர் முதலில் குறித்த எடைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. எடைமேடைக்குப் பக்கத்தில் மானேஜர், மேஸ்திரி, டாக்டர், நான். முள் நிற்கும்வரை காத்திருந்து நான் எடையைச் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மானேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

"நான் குறித்த எடை அது. தேவையானால் நானே மாற்றலாம். ஏணியை நான் மாற்ற முடியாது. அவர் ஏறட்டும், பார்ப்போம்" என்றார் டாக்டர்.

மாசிலாமணி ஏறினார். முன்பு தொங்கிய இடத்தில் நிற்கக்கூட இல்லை. மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னா தூக்கணும்?" என்று குரல் கொடுத்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எனாமல் குவளையை எடுத்தேன். நாலு மூலையிலும் கயிறு கட்டிய ஒரு பலகையைக் கிரேன் கொக்கியில் மாட்டச் சொன்னார். பலகை நடுவில் குவளையை வைத்து, விளிம்பு தொடத் தண்ணீர் ஊற்றினேன். "கூடத்தின் மறு எல்லைவரை கொண்டு சென்று, திரும்பக் கொணர்ந்து, என் முன் இறக்குங்கள்!" என்று அண்ணாந்து கத்தினார்.

கிரேன் முனகிக்கொண்டு புறப்பட்டது. குவளை எங்கள் தலைக்கு மேலே உயர்ந்து, அச்சுகளைத் தாண்டி, உலையைத் தாண்டிப் போயிற்று. கூடத்தின் கோடியில் திரும்பும்போது பலகை ஒரு சிட்டிகை ஆடியது. நான் அண்ணாந்தபடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டேன். மேலே இருந்தவர் கிரேனை அந்த ஆட்டத்தின் போக்கிலேயே மெல்ல நகர்த்தி அதை அடக்கினார். திரும்பி வந்து, டாக்டரின் மூக்குக்கு நேரே இறங்கி, தரையில் பூ விழுவது போல உட்கார்ந்தது. பலகையில் ஈரம் இல்லை.

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவர் வாயிலிருந்து அந்த ஊர்த் தமிழ் வந்தது, முதலும் கடைசியுமாக.

"ஷோக்கா கீது."

கூடமே இடிந்து விழுவது போலச் சிரிப்பும் விசிலும் எழுந்தன. மானேஜரும் சிரித்துவிட்டார். "நாளையிலேர்ந்து தினமும் ஏறச் சொல்லுங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை நானும் நடந்துதான் வேலைக்கு வந்தேன். அந்த ஒருநாள் நடையோடு பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டிருந்தது. தேரடியில் பூவரச மரத்தடியில் மாசிலாமணி குந்தியிருந்தார். பவுனம்மா ஓர் ஆப்பத்தை இலையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றது.

நான் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு எதிரே நின்றேன். "என்ன மாசிலாமணி? பசி கேக்குதா, கணக்கு கேக்குதா?"

அவர் ஆப்பத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் இல்லையா.

"ரெண்டும் இல்ல நர்சம்மா. சந்தோசம் கேக்குது."

நான் குடையை மரத்தில் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பவுனம்மா, எனக்கும் ஒண்ணு வை" என்றேன்.